ஸ்டில்பீன் டிடெக்டர்ல பீக் வரலன்னு கேக்குறவங்களுக்கு

சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நம்மகிட்ட ஸ்டில்பீன், ஆந்த்ரசீன் டிடெக்டர் (கதிர்வீச்சு பட்டா மின்னுற ஆர்கானிக் கிரிஸ்டல் வெச்ச கருவி) வாங்குன காலேஜ் லேப்கள்ல இருந்து வர்ற முக்கால்வாசி போன் ஒரே விஷயத்துக்குத்தான், சீசியம்-137 சோர்ஸ் (காமா கதிர் விடற பொருள்) வெச்சோம், அந்த காமாவோட எனர்ஜியான 662 கேஇவி-ல (கேஇவி எனர்ஜியோட அளவு) பீக்கையே காணோம், பீஸ் போயிடுச்சா, மாத்தித் தர்றீங்களான்னு. பீஸ் நல்லாத்தான் இருக்கு. இதுல அந்த பீக் வராது.

சோடியம் அயோடைடு கிரிஸ்டல் டிடெக்டர்ல பழகுன கண்ணுக்கு கடுப்பாத்தான் இருக்கும். அயோடினோட அணு எண் 53, காமாவ முழுசா முழுங்கிரும், பீக் வரும். ஆர்கானிக் கிரிஸ்டல்ல இருக்கறது கார்பனும் ஹைட்ரஜனும், கார்பனுக்கே 6தான், அதனால காமா ஒரு எலக்ட்ரான தட்டிவிட்டுட்டு மீதி எனர்ஜியோட பெரும்பாலும் வெளிய ஓடிரும், வந்த வழியே நேரா திரும்பினாக்கூட விட்டுட்டுப் போறது 477 கேஇவிதான். அந்த இடத்துல ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த எனர்ஜில எத்தனை கவுண்ட்னு காட்டற கிராப், சரியுது பாருங்க, அதான் காம்ப்டன் எட்ஜ், நாங்க டெஸ்ட் பண்றதும் அத வெச்சுத்தான். ஆனா மேட்டு உச்சிய 477ன்னு போட்டுறாதீங்க, வலப்பக்கம் சரிவுல கொஞ்சம் இறங்கின இடம். சோடியம்-22 இருந்தா 341, 1062ன்னு இன்னும் ரெண்டு எட்ஜ் கிடைக்கும், எனர்ஜிக்கு எதிரா சேனல் நம்பர கிராப் போட்டா மூணும் ஒரே நேர்கோட்டுல விழணும். மேல வளைஞ்சு படுத்துச்சுன்னா கிரிஸ்டல சந்தேகப்படாம, போட்டோமல்டிப்ளையருக்கு (கிரிஸ்டலோட வெளிச்சத்த கரண்ட் சிக்னலா மாத்தற ட்யூப்) போற ஹைவோல்டேஜ கொஞ்சம் குறைச்சுப் பாருங்க.

இதெல்லாத்துக்கும் முன்னாடி லைட் லீக், அதாவது வெளி வெளிச்சம் உள்ள போகுதான்னு பாத்துருங்க. சோர்ஸ எடுத்துட்டு, ஹைவோல்டேஜ் கம்மியா வெச்சு, மொபைல் டார்ச்ச ஜாயிண்ட் ஓரமா மெதுவா ஓட்டுங்க, கவுண்ட் எகிறுற இடத்துல கருப்பு டேப் சுத்தினா போதும். கரண்ட் ஓடறப்ப மூடியத் தொறந்து போட்டோமல்டிப்ளையர் போச்சுன்னா அதுக்கு வாரண்டி கிடையாது, இப்பவே சொல்லிட்டோம்.

அப்ப இத எதுக்கு வாங்கணும்னு ஒரு சார் கேட்டாரு, நியாயமான கேள்வி. 1947ல ஜெர்மனில கால்மன்ங்கற இயற்பியலாளர் நாப்தலீன வெச்சு, அதான் பீரோல போடற பாச்சா உருண்டை, அத வெச்சு ஆரம்பிச்ச வழி இது, இன்னும் நிக்குதுன்னா ஸ்பீடுதான் காரணம். அயோடைடோட பல்ஸ் அடங்க 230 நானோசெகண்ட் ஆகுது, ஸ்டில்பீனுக்கு நாலஞ்சு. நியூட்ரான் பட்டா பல்ஸோட வால் நீளும், காமாவுக்கு நீளாது, அத வெச்சு ரெண்டையும் பிரிச்சிரலாம். ஆந்த்ரசீன்ல வெளிச்சம் ஜாஸ்தி, ஆனா 30 நானோசெகண்ட், வேகம் பத்தாது. காமா எனர்ஜி பிரிக்கறது மட்டும்தான் உங்க வேலைன்னா அயோடைடே வாங்கிக்குங்க, எங்களுக்கு ஒரு ஆர்டர் போனாலும் பரவால்ல.

அப்புறம் ஏசி ரூம்ல இருந்து எடுத்து நேரா வெயில்ல வெக்காதீங்க, கிரிஸ்டல் விரிசல் விடும். சந்தேகம்னா கூரியர் போடறதுக்கு முன்னாடி ஸ்பெக்ட்ரம் பைல வாட்ஸப்ல அனுப்புங்க, சோர்ஸ் எது, ஹைவோல்டேஜ் எவ்வளவுன்னு சேத்து எழுதுங்க, அத பாத்தாலே பாதி கேஸ் முடிஞ்சிரும்.