தேக்கடிக்கு வர்றியா, மாப்ள?

அன்புள்ள மாப்ள செல்வத்துக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன், கேட்டால் பொய்தான் சொல்வாய்.

ரொம்ப நாளாக ஒரு வரி எழுதவில்லை. காலையில் பூப்படம் அனுப்புவதெல்லாம் கணக்கில் சேராது என்று போனில் திட்டினாய், சரிதான். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் டூர் கிளம்பப் போகிறோம். சிரிக்காதே. உன்னையும் சேர்த்துத்தான்.

பிள்ளைகள் இரண்டும் கொடைக்கானல்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ஏரியைச் சுற்றிச் சைக்கிள், குதிரை, பஜ்ஜி. எனக்கு அந்த வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவில் காருக்குள்ளேயே உட்கார்ந்து அருவியை ரசிக்கும் பாக்கியம் இன்னொரு தடவை வேண்டாம். இப்போது இ-பாஸ் வேறு எடுக்கணும். அந்த ஏரியே 1863இல் லெவிஞ்ச் என்ற நம்ம மதுரை கலெக்டர் உண்டாக்கியதுதான் என்று பெரியவனிடம் சொன்னேன். “அப்ப அது நம்ம ஏரி, கட்டாயம் போகணும்” என்கிறான். யார் வாய் என்று உனக்குத் தெரியும். உன் தங்கச்சி அமுதா மூணாறு என்றாள், மாட்டுப்பட்டி என்றாள். கடைசியில் தேக்கடி என்று நான்தான் சொன்னேன், அப்பாவுக்காக.

அப்பாவை உனக்குத் தெரியுமே. பெரியாறு பாசனத்தில் கள்ளந்திரிக்கு அந்தப் பக்கம் வருஷத்துக்கு இருபோகம், இந்தப் பக்கம் நாம் ஒருபோகம். மேலூர்ப் பகுதியின் 85,563 ஏக்கர் என்று அரசாங்கம் சொல்லும் கணக்கில் எங்கள் துண்டு நிலமும் அடக்கம். அந்த நிலத்துக்குத் தண்ணீர் வருமா, எப்போது வரும் என்பதிலேயே மனுஷனுடைய ஆயுசு போயிருக்கிறது. பேப்பர் வந்ததும் மரண அறிவிப்புக்கும் முன்னால் அணை நிலவரம்தான் பார்ப்பார். பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி. கிழித்த காலண்டர் தாளின் ஓரத்தில் பென்சிலால் இரண்டையும் குறித்து, கண்ணாடிக் கூட்டில் மடித்து வைத்துக்கொள்வார். சாயங்காலம் டீக்கடைத் திண்ணையில் அந்தத் தாளைப் பிரித்துத்தான் பேச்சே ஆரம்பிக்கும். இத்தனைக்கும் அந்தப் பெரியாறு அணைத் தண்ணீர் தேங்கி நிற்கும் தேக்கடி ஏரியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை, மாப்ள. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதே ஏதோ ஒரு கல்யாணத்துக்குத்தான்.

போவோமா என்று கேட்டேன். “தண்ணி வந்தாப் போதும், அது இருக்கிற எடத்தப் போய்ப் பாத்து என்ன செய்ய?” என்றார். ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடமே நடத்திவிட்டார். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதை. 1887இல் ஆரம்பித்த வேலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போயும் பென்னிகுயிக் விடாமல் 1895இல் முடித்ததை. சுருக்கி என்கிற செங்கல் பொடியும் சுண்ணாம்பும் கலந்து கட்டிய அணை இன்னும் நிற்பதை. சுரங்கம் வழியாக வந்து லோயர் கேம்பில் கரண்டு எடுத்து, சுருளியாற்றோடு சேர்ந்து வைகை அணைக்கு வந்து, பேரணை தாண்டி, பெரிய கால்வாயில் ஓடி நம்ம மடைக்கு வரும் வரைக்கும் ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். சின்னவள் யோசித்துவிட்டு, “அப்ப நம்ம வயல்ல நிக்கிறது கேரளா மழையா தாத்தா?” என்றாள். அவருக்குப் பதில் வரவில்லை. நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

தேக்கடி என்று முடிவானதும் எப்போது போவது என்ற பஞ்சாயத்து. மே மாதம் அப்பா சும்மாதான் இருப்பார், ஆனால் ஏரி வற்றிக் கரையெல்லாம் செம்மண்ணாகக் கிடக்கும். தண்ணீர் குறையும்போதுதான் யானையும் காட்டெருமையும் கரைக்கு இறங்கி வரும், அதுதான் பார்க்க நல்லது என்று நான் சொன்னால், “யானையப் பாக்க அழகர்கோயில் போறேன், எனக்குத் தண்ணி நெறஞ்சு நிக்கணும்” என்கிறார். நிறைந்து நிற்பது மழைக்குப் பிறகு. காலாண்டு லீவுக்குப் போகலாம் என்றால், செப்டம்பர் 15ஐ ஒட்டித்தான் வழக்கமாக வைகையில் நமக்குத் திறப்பார்கள். தண்ணீர் வந்து, நாற்றங்கால் வேலை நடக்கும்போது அவரைக் காரில் ஏற்ற ஆண்டவனாலும் ஆகாது. ஆக, ஆகஸ்டு. தென்மேற்கு மழையில் ஏரி ஏறிக்கொண்டிருக்கும், அவரும் காலியாக இருப்பார். நனைவோம், அட்டை கடிக்கும், பரவாயில்லை.

நான் கம்பத்தில் வேலையாகப் போனபோது ஒரு நடை படகில் போயிருக்கிறேன். 1895இல் மூழ்கிய காட்டின் மரங்கள் பட்டுப்போய் இன்னும் தண்ணீருக்கு மேலே கறுப்பாக நிற்கின்றன. கிளை கிடையாது, பட்டை கிடையாது, வெறும் கட்டை. ஒன்றின் உச்சியில் நீர்க்காகம் இரண்டு இறக்கையையும் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. படகு பக்கத்தில் போயும் அது அசையவில்லை. அப்பா அந்தக் கட்டையைப் பார்க்கவேண்டும். தன்னுடைய நெல்லுக்காகச் செத்த மரம் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதே இருக்காது.

அமுதாவுக்குப் படகு என்றாலே பயம். 2009 செப்டம்பர் 30 அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்களே, அதை மறக்காமல் வைத்திருக்கிறாள். மிருகங்களைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்ததில் சாய்ந்தது என்று அப்போது படித்தோம். இப்போது லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏற்றுவதில்லை என்று சொல்லியிருக்கிறேன். அப்பா கிணற்றில் குட்டிக்கரணம் அடித்தவர், “எனக்கெதுக்குச் சட்ட மேல சட்ட?” என்பார். அதை நீதான் சமாளிக்கணும், நீ சொன்னால் கேட்பார்.

இன்னொன்று, இதுதான் என் மண்டையைக் குடைகிறது. அவர் அணையைப் பார்க்கப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். டூரிஸ்ட் படகு அணை வரைக்கும் போகாது, அங்கே நம்மை விடவும் மாட்டார்கள். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் படகு திரும்பும்போது அவர் முகத்தை நான் பார்க்க முடியாது. சொன்னால் வரவே மாட்டார். அதனால் போகிற வழியிலேயே லோயர் கேம்பில் நிறுத்தலாம் என்றிருக்கிறேன். 2013இல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபம் அங்கேதான். மலையிலிருந்து இறங்கும் நாலு ராட்சதக் குழாயும் தெரியும். தண்ணீர் நம் பக்கம் விழும் இடத்தைப் பார்த்துவிட்டால் அணையைப் பார்க்காத குறை பாதியாவது குறையாதா? நீ என்ன நினைக்கிறாய், நிஜமாகவே சொல்.

குமுளியில் அவர் வாயையும் கட்டணும். டீக்கடையில் அணையில் தண்ணீர் 142 அடியா 152 அடியா என்று ஆரம்பித்தால் வண்டி நகராது. ஆனவச்சாலில் கார் நிறுத்துகிற இடத்துக்கே இரண்டு மாநிலமும் சுப்ரீம் கோர்ட்டில் நின்றன என்று தெரிந்தால் காரிலிருந்து இறங்கவே மாட்டார். ஆனால் ஒன்று, போன வாரம் டிவியில் அணைக்குக் கீழே இருக்கும் வண்டிப்பெரியாறு ஆட்கள் பேசியதைக் காட்டினார்கள். நான் ஏதோ நக்கலாகச் சொல்ல, அப்பா, “ஆத்துக்குக் கீழ குடியிருக்கிறவன் பயமும் பயந்தாண்டா” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வா. நீங்கள் கோவையிலிருந்து ஒட்டன்சத்திரம், செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகத் தேனிக்கு வந்துவிடுங்கள். நாங்கள் உசிலம்பட்டி வழியாக வருகிறோம். காலை டிபன் தேனியில், அங்கிருந்து சேர்ந்து போகலாம். கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்கலாம், நீ பார்க்க மட்டும். ராத்திரி குமுளியில் ரூம், மறுநாள் முதல் படகு.

எந்தச் சனிக்கிழமை என்று தங்கச்சியைக் கேட்டு வியாழனுக்குள் எழுது, ரூம் போடணும். உன்னைக் கேட்டால் “பார்க்கலாம்” என்பாய். கேசவனிடம் மூச்சு விடாதே. தெரிந்தால் வேன் பிடிக்கிறேன் என்று கிளம்பிவிடுவான், அப்புறம் வத்தலக்குண்டிலேயே வாந்தி.

அன்புடன்,
பாண்டி