இரண்டாம் கட்டுக்கு வெளிச்சம்

திருநெல்வேலி டவுன்,
ஆவணி 20.

அன்புள்ள கோமதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் காந்திமதியம்மையை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கிலாந்தில், லெஸ்டரில் மகள் வீட்டு மாடிப்படிக்கு மேலே கூரையில் இரண்டு ஜன்னல் வைத்திருப்பதைப் பார்த்து மனது நிறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டி நிற்கிற தெருவில், நடுவே மாட்டிக்கொண்ட மாடிப்படிக்கு வேறு எந்த வழியில் வெளிச்சம் வரும்? மார்கழியில் அங்கே நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 14 டிகிரிதான் எழும்பும். பகல் எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் பகலில் விளக்குப் போடாமல் படி இறங்குகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. நம் வயதில் படியில் கால் தவறினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருடம் ஊரோடு வந்துவிடப் போகிறோம், இங்கே எங்கள் வளவு வீட்டில், தெருவை ஒட்டிய முன்கூடமான தார்சாவுக்கு மேலே இதே மாதிரிப் பெரிய கண்ணாடியாக வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வைக்காதே கோமதி. தார்சாவில் வைக்காதே, இதே மாதிரியும் வைக்காதே. கூரையைத் திறக்கத்தான் வேண்டும். எங்கே திறப்பது, எப்படித் திறப்பது என்பதில்தான் உன்னோடு வழக்காட வேண்டியிருக்கிறது.

உன் வீட்டை மனதில் ஒரு தரம் வாசலிலிருந்து நடந்து பார். முதலில் தார்சா. அதற்குத் தெருவாசல் வெளிச்சம் என்றைக்குமே போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது. உன் தாத்தா பேப்பர் படித்ததும், கணக்கு எழுதியதும், வந்தவர்களோடு மணிக்கணக்கில் பேசியதும் அங்கேதான். பிறகு கூடமான பட்டாசாலை, உள்ளறையான அரங்கு, பின்பகுதியான இரண்டாம் கட்டு, அடுக்களை, கடைசியில் புறவாசல். இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் பக்கவாட்டில் ஒரு துவாரம்கூடப் போட வழியில்லை. கட்டியவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் இரண்டாம் கட்டில் கூரை போடாமல் வானவெளி விட்டார்கள். உன் ஆச்சி அந்த வானவெளி ஓரத்தில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைப்பார்களே, நினைவிருக்கிறதா? வெளிச்சம் நகர நகர ஆச்சியும் சுளகும் கூடவே நகர்வார்கள். அரிசியில் கிடக்கும் கல்லைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டதே இல்லை.

பிறகு ஒவ்வொரு வீடாக வானவெளியை மூடினார்கள். திருடன் பயம், பூனை, மழைச்சாரல், மேலே ஓர் அறை எடுக்கலாம் என்ற ஆசை. எல்லாமே நியாயமான காரணங்கள்தாம். ஆனால் அந்த இருட்டு யார் தலையில் விழுந்தது? தார்சாவில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு டியூப்லைட் போட்டுக்கொண்டு காய் நறுக்கியவர்கள் நாம்தான். என் மாமியார் கடைசி வருடங்களில் கண்புரையோடு அந்த இரண்டாம் கட்டில் சுவரைத் தடவித் தடவி நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. கூரையில் ஒரே ஓர் இடத்தைத்தான் திறக்க முடியும் என்றால், அது அடுக்களைக்கும் இரண்டாம் கட்டுக்கும் சேர வேண்டியது. வருகிறவர்கள் பார்த்து மெச்சுவதற்காகத் தார்சாவுக்கு அதைக் கொடுத்துவிடாதே.

இனி வெயில். லெஸ்டரில் வானம் பெரும்பாலும் மூட்டமாக இருக்கும். அப்படி முழுக்க மூடிய வானத்தில் அடிவானத்தைவிட உச்சிதான் பிரகாசம், ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் கூரையில் வைத்த சிறிய ஜன்னல்கூடச் சுவர் ஜன்னலைவிட அதிக வெளிச்சத்தைத் தருகிறது. நம் ஊர் உச்சியில் நிற்பது சூரியன். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஒன்பது டிகிரிகூட இல்லாத ஊர் இது. சித்திரை பிறக்கிற சமயம் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. பிறகு வடக்கே போய்விட்டு, ஆவணிப் பாதியில் திரும்பவும் உச்சிக்கு வந்து தெற்கே இறங்குகிறது. சில நாட்களுக்கு முன்புதான் அது எங்களைத் தாண்டிப் போனது. நாலடிக்கு மூன்றடி கண்ணாடியைக் கூரையில் படுக்கைவசமாக வைத்தால், உச்சி வெயிலில் அதன் மேல் ஏறக்குறைய ஆயிரம் வாட் விழும். மத்தியானம் முழுவதும் ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி வீட்டுக்குள் வைத்திருப்பதற்குச் சமம். உள்ளே வந்த வெயில் தரையிலும் சுவரிலும் ஏறி, வெப்பமாகத் திரும்பி வெளியேறப் பார்க்கும்போது கண்ணாடி அதை விடாது. குளிர்நாட்டில் அது வரம். பங்குனி, சித்திரையில் நமக்கு அது தண்டனை.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். வானவெளியை மூடியிருந்த கான்கிரீட் பின்னாளில் போட்டது. நாலு சுவர் மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. பொறியாளரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லி, அதை மட்டும் எடுத்தோம். அந்த நாலு சுவர்களையும் தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, மேலே இடுப்பளவு உயர்த்தி, அதன் மேல் சரிவாக மங்களூர் ஓடு வேய்ந்தோம். வடக்குப் பக்கம் முழுவதும் நின்ற வாக்கில் கண்ணாடி. தெற்கிலும் மேற்கிலும் கண்ணாடியே கிடையாது. ஓட்டுக்குக் கீழே கம்பிவலை போட்ட இடைவெளி மட்டும். சூடான காற்று தானாக மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடுகிறது. நீ இங்கே வந்து நின்று பார்த்தால்தான் தெரியும்: வெளிச்சம் கொட்டுகிறது, வெயில் ஒரு துளி இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனி. வடக்குப் பார்த்த கண்ணாடியில் வெயிலே படாது என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் லெஸ்டரில் நண்பகல் வெயில் என்றைக்குமே வடக்கே வராது. நம் ஊரில் சித்திரையிலிருந்து ஆவணி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும். ஆனி மாதத்தில் உச்சியிலிருந்து 15 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கும். அதனால் கூரை ஓடுகளை ஒன்றரை அடி வெளியே நீட்டி இறவாரம் விட வேண்டும். கொத்தனார் ஓர் அடி போதும் என்றார், நான் விடவில்லை. காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயிலுக்கும் அந்த அரை அடி உதவுகிறது.

உன் வீட்டில் வானவெளி மூடிய இடம் போக, மற்றதெல்லாம் பழைய மச்சு. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரை பூசியது. அதில் நினைத்த இடத்தில் துளை போடக் கூடாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே குறுகலாக எடுக்கலாம். அகலம் வேண்டுமென்றால் கட்டையை வெட்டி, அதன் பாரத்தைக் குறுக்குக் கட்டை போட்டுப் பக்கத்துக் கட்டைகளுக்கு மாற்ற வேண்டும். உன் மகள் வீட்டிலும் கைமரத்தை வெட்டிய இடத்தில் இரட்டைக் கட்டை அடித்திருப்பார்கள், கேட்டுப் பார். கணக்கு ஒன்றுதான்.

பொதுச்சுவர் விஷயத்தில் அந்த நாட்டு முறையைப் பின்பற்று. அங்கே பொதுச்சுவரில் கைவைப்பதானால் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் அல்லவா? இங்கே வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்து, பாதியில் பேச்சு முறிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சுவரை உயர்த்தினால் பக்கத்து வீட்டுத் தட்டட்டிக்குத் தண்ணீர் வடியக் கூடாது. இறவாரமும் அவர்கள் பக்கம் நீளக் கூடாது. முதலிலேயே ஒரு தாளில் படம் வரைந்து காட்டிக் கையெழுத்து வாங்கிவிடு. உறவும் மிஞ்சும், சுவரும் மிஞ்சும்.

கண்ணாடி வாங்கும்போது மலிவுக்கு மயங்காதே. தலைக்கு மேலே வருகிற கண்ணாடி லேமினேட் வகையாக இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய படலம் வைத்து ஒட்டியிருப்பார்கள். உடைந்தாலும் கீழே கொட்டாது. கார்களின் முன்கண்ணாடி அந்த வகைதான். உன் புறவாசலை ஒட்டி அடுத்த வீட்டுத் தென்னை நிற்கிறது. தேங்காய் விழாவிட்டாலும் மட்டை விழும். பாலிகார்பனேட் தகடு போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. வெயிலில் நாளடைவில் மஞ்சளாகிப் போகும். மழை பெய்தால் அதன் கீழே நின்று பேச முடியாது.

மழை என்றதும் 2023 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள் முங்கிக் கிடந்தது. கூரையைத் திறப்பவர்கள் அந்த மழையை மனதில் வைத்துத்தான் திறக்க வேண்டும். தட்டட்டியில் தண்ணீர் தேங்கினாலும் உள்ளே வராதபடி திறப்பைச் சுற்றிக் குறைந்தது ஓர் அடியாவது சுவர் எழுப்பியிருக்க வேண்டும். அந்தச் சுவரும் தட்டட்டியும் சேருகிற மூலைதான் முதலில் கசியும். அங்கே பூச்சு வளைவாக இறங்க வேண்டும், கூர்மூலையாக விட்டால் விரிசல் நிச்சயம். கீழே வானவெளித் தரையில் தண்ணீர் போகிற பழைய மடை இருக்கிறது பார், அதை அடைக்காதே. எங்கள் வீட்டில் தரையைச் சமன் செய்கிறேன் என்று அடைக்கப் பார்த்தார்கள். நான் மடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

வேலை முடிந்த மறுநாள் காலையில் என் மருமகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டாம் கட்டுத் தூணின் தலைப்பில் தாமரை செதுக்கியிருக்கிறது, கோமதி! இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவள் நான். அடுப்புப் புகை படிந்து கறுத்துப்போய் அது கண்ணில் பட்டதே இல்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் துடைக்கத் துடைக்க இதழ் இதழாக வந்தது. ஓர் இதழின் நுனி மட்டும் செதுக்காமல் பாதியில் விட்டிருக்கிறது. ஆசாரிக்குக் கூலி பாக்கி வைத்தார்களோ என்னவோ. இப்போது பேரன் வீட்டுப்பாடம் எழுதுவது அந்தத் தூணடியில்தான். மருமகள் காய் நறுக்குவதும் அங்கேதான். மாலை ஐந்தரை வரை விளக்குப் போடுவதில்லை.

மற்றச் செய்திகள்: ஆனித் தேர் நன்றாக நடந்தது, கூட்டம் சொல்லி முடியாது. ஆற்றில் தண்ணீர் போகிறது. சேரன்மகாதேவிப் பக்கம் கார் நெல் பழுத்துக் கிடக்கிறது. நம் கணக்கு டீச்சர் கண் அறுவை சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறார்கள், உன்னைக் கேட்டார்கள்.

அண்ணாச்சி ஐப்பசியிலேயே வந்து வேலையைத் தொடங்கலாம் என்கிறார்களாமே. வேண்டாம் என்று சொல். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் கூரையைத் திறந்து வைப்பார்களா? தை பிறக்கட்டும். அதற்குள் மூடிய வானவெளியின் நீள அகலத்தையும், வடக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் தட்டட்டிக்கு மேலே எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதையும் நான் அளந்து அனுப்புகிறேன். அந்தச் சுவர் உயரமாக இருந்தால் வடக்குக் கண்ணாடி பயன்படாது, கிழக்குப் பக்கம் யோசிக்க வேண்டும். சாவி இன்னும் உன் மதினியிடம்தான் இருக்கிறதா, இல்லை மாற்றிக் கொடுத்துவிட்டாயா? உடனே எழுது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது வழியில் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் சிவகாமி