தேவாங்குக் கதைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அய்யலூர், கடவூர்ப் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

தேவாங்கைக் காப்பாற்றக் கிளம்பும் நான்கு பிள்ளைகளைப் பற்றிய என் சிறுவர் நாவல் போன வாரம் அச்சாகி வந்துவிட்டது. முதல் பிரதியைக் கையில் வாங்கியதும் முருங்கைத் தோட்டத்துத் தாத்தாவின் டார்ச்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். வெள்ளை வெளிச்சம் தேவாங்குகளுக்கு ஆகாதாம். மூன்று ராத்திரி அலைந்தும் ஒன்றும் தட்டுப்படவில்லை. நாலாம் ராத்திரி, அவர் தோட்டத்துக் கிளுவை வேலியிலேயே இரண்டு கண்கள் தணலாக மின்னின. கால் கிலோகூட இருக்காது. வால் கிடையாது, குச்சிக் கைகால். ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து நிதானமாகத் தின்றது. "நமக்குப் பூச்சிமருந்துச் செலவு மிச்சம் தாயி" என்றார். தாத்தா, அந்த வரியை அப்படியே நாவலில் சேர்த்துவிட்டேன்.

அடுத்து, கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். என் கதையில் தேவாங்கு ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தாவிப் போனது. ஒரு சிறுமி கையைத் தூக்கி, "அக்கா, தேவாங்கு தாவாது. ஒரு கிளையை விடாமப் பிடிச்சுக்கிட்டுத்தான் அடுத்த கிளைக்குக் கை நீட்டும்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. கிளை எட்டாத இடத்தில் அது தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். வண்டியில் அடிபடுவதும் அங்கேதான். ஏழு அத்தியாயங்களைத் திரும்ப எழுதினேன். கதையில் அந்த நால்வரும் ரோட்டின் குறுக்கே இரண்டு புளியமரங்களுக்கு நடுவே கயிறு கட்டுவது அப்படி வந்ததுதான். கண்ணு, அந்தப் பக்கங்கள் உன்னுடையவை.

மந்திரம் மாயம் என்று சொல்லித் தேவாங்கைப் பிடித்துப்போன கதைகளை ஒளிக்காமல் சொன்ன வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் நன்றி. 2022 அக்டோபரில் உங்கள் பக்கத்து 11,806 ஹெக்டேர் காடு நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயம் ஆனதை அவர் சொன்னபோது, சொந்த வீட்டுக்குப் பட்டா கிடைத்தது போல முகம் மலர்ந்தது.

அந்த விரல்கள் கிளையைப் பிடிக்கும் விதம் சரியாக வரும்வரை அட்டையை ஐந்து தடவை வரைந்த ஓவியருக்கும், பொறுமையாகக் காத்திருந்த பதிப்பாசிரியருக்கும் நன்றி. அப்புறம், ராத்திரி எந்நேரம் திரும்பினாலும் எழுந்து வந்து சோறு போட்ட தாத்தா வீட்டு அம்மாச்சிக்கும்.

ஒல்லியான பிள்ளையைத் 'தேவாங்கு' என்று கேலி செய்வது நம்மிடம் பழகிப்போன பேச்சு. இந்தப் புத்தகத்தை முதலில் அந்தப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் புத்தகங்களோடு வருகிறேன். தாத்தா, டார்ச்சை எடுத்து வையுங்கள். சிவப்புத் தாள் புதிதாக வாங்கி வருகிறேன்.