நாற்சந்திப் பக்கங்களைத் திரும்பச் சேருங்கள்

மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பை வெளியிட்டிருக்கும் பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலை, நான்கு பாகங்களிலிருந்து 120 பக்கங்களுக்குக் கொண்டுவந்திருக்கும் தங்கள் பதிப்பை ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் என் பேத்திக்காக வாங்கினேன். எட்டாம் வகுப்பு படிக்கும் அவள் அன்றிரவே அதை முடித்துவிட்டு, காலையில் கேட்ட கேள்வியே இம்மடலுக்குக் காரணம். "ஏனுங்க அப்புச்சி, மாமல்லரே வாதாபிக்கு வந்து கூப்பிட்டும் சிவகாமி போகலையே, அவளுக்கு அத்தனை வீம்புங்களா?"

பிள்ளை மீது தவறில்லை. தங்கள் பதிப்பின் 83ஆம் பக்கத்தில், 'சிவகாமி வாதாபியில் பல துன்பங்களை அனுபவித்தாள்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் எதை அடக்கினீர்கள் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. பல்லவ நாட்டிலிருந்து சிறைபிடித்துச் செல்லப்பட்ட ஆண்களும் பெண்களும் வாதாபியின் நாற்சந்திகளில் நிறுத்தப்பட்டு, சாட்டையடி வாங்குகிறார்கள். அந்த அடி நிற்க வேண்டுமானால் ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி அதே நாற்சந்தியில், வேடிக்கை பார்க்கும் பகைநாட்டுக் கூட்டத்தின் முன் ஆட வேண்டும் என்கிறான் வாதாபியை ஆளும் சாளுக்கிய மன்னன் புலிகேசி. அவளும் ஆடுகிறாள். அப்பர் பெருமானின் திருத்தாண்டகத்துக்கு அபிநயம் பிடித்த கைகள், முன்பின் அறியாத மனிதர்களின் முதுகைக் காப்பதற்காகத் தெருவில் அசைகின்றன. வாதாபி எரியும்வரை அந்நகரை விட்டு வரமாட்டேன் என்று அந்த அவமானத்தில் பிறந்ததுதான் சபதம். அதை எடுத்துவிட்ட பிறகு வீம்பைத் தவிர வேறென்ன மிஞ்சும்?

சென்னிமலையில் எங்கள் வீட்டுத் தறிக்குழியருகே அமர்ந்து என் அம்மா இந்தப் பகுதியை உரக்கப் படித்தபோது, தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாயியின் கை இராட்டையிலேயே நின்றுபோனதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவி, அடுத்த நாளும் அதே பக்கத்தைத்தான் படிக்கச் சொன்னார். பிள்ளைகளின் மனம் நோகக் கூடாதென்று கடுமையான பகுதிகளைத் தவிர்த்ததாகத் தங்கள் முன்னுரை சொல்கிறது. அன்று எனக்கு வயது பத்துகூட நிரம்பவில்லை. மனம் நொந்தது உண்மை. நொந்ததனால்தான் இன்றுவரை நினைவிருக்கிறது.

ஆயனர் கதை நெடுக அஜந்தாவின் அழியா வர்ண இரகசியத்துக்கு ஏங்குகிறார். சாயம் நிற்குமா என்ற கவலையிலேயே நாளைக் கழிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த ஏக்கம் தனியாக விளங்கும். தாங்கள் அதையும் நீக்கிவிட்டீர்கள். போகட்டும், அதற்காக நான் மல்லுக்கு நிற்கவில்லை. நாற்சந்தி அத்தியாயங்களை மட்டுமாவது திரும்பச் சேருங்கள் என்றே கேட்கிறேன்.

642இல் வாதாபி வீழ்ந்தது வரலாறு. மாமல்லர் எனப்பட்ட பல்லவ மன்னர் நரசிம்மவர்மரின் கல்வெட்டு, இன்று பாதாமி எனப்படும் அவ்வூரின் பாறையில் இன்னும் இருக்கிறது. சிவகாமிக்குக் கல்வெட்டு இல்லை. அவள் கல்கியின் கற்பனை என்பதால், அந்தப் பக்கங்களிலிருந்து அகற்றிவிட்டால் அவள் பட்ட பாட்டுக்கு வேறெங்கும் சாட்சி கிடையாது. தாங்கள் விட்டுவைத்திருப்பதெல்லாம் யானைப்படையும் கோட்டை முற்றுகையும்தான். ஊர் எரிவதைப் பிள்ளைகள் படிக்கலாம், ஏன் எரிந்தது என்பதை மட்டும் படிக்கக் கூடாது போலும்! இதே முறையில் சிலப்பதிகாரத்தையும் சுருக்கிவிடலாம்: 'கோவலனுக்கு மதுரையில் ஒரு சிக்கல் ஏற்பட்டது, பிறகு ஊரில் தீப்பிடித்தது.' தேர்வுக்கு அது போதும். கைப்பேசியில் நாள் முழுதும் வெட்டும் குத்தும் பார்க்கிற பிள்ளைகளுக்கு, அடிபடுகிறவன் பொருட்டு ஒருத்தி தன் மானத்தையே கொடுத்த கதைதான் ஆகாது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

வார்த்தை சற்றுத் தடித்துவிட்டது, பொறுத்தருள வேண்டும். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது, அதைச் சுருக்கி அச்சிடத் தங்களுக்கு உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பெரிய நாவலைக் கண்டு மலைக்கும் பிள்ளைகளுக்கு இத்தகைய பதிப்பு வாசலாக அமையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த அச்சில் அந்த நாற்சந்திப் பக்கங்களைக் கல்கியின் சொற்களிலேயே, ஒரு வரியும் குறைக்காமல் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பக்கம் கூடுவதால் விலை கூடுமென்றால் கூட்டிக்கொள்ளுங்கள். அட்டையில் ஆடும் பெண்ணின் படத்தை மிக அழகாகவே போட்டிருக்கிறீர்கள். அவள் எங்கே, யார் பொருட்டு ஆடுகிறாள் என்பது உள்ளேயும் இருக்கட்டும்.

83ஆம் பக்கத்தில் பென்சிலால் கோடிட்டு என் பிரதியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். விலையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அம்மா வைத்திருந்த பழைய தொகுதியிலிருந்து இரவுதோறும் பேத்திக்குப் படித்துக் காட்டிவருகிறேன். மூன்றாம் பாகம் இன்னும் தொடங்கவில்லை.

இப்படிக்கு,
சென்னிமலை வாசகன்