ஆதாரத்தில் ‘நிலம்’ என்றால் வயல்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இடம் கைமாற்றிக் கொடுக்கும் தரகர் அண்ணன்மாருக்கும், கோயமுத்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

பாலக்காட்டுச் சித்தூரில் ஆதாரம் எழுதும் ஆபீஸ் ஒன்றில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன். தமிழ்நாட்டில் பத்திரம் என்பதை இங்கே ஆதாரம் என்கிறோம். எழுதுவதைவிட, மலையாளத்தில் எழுதியதைத் தமிழ்க்காரர்களுக்குப் படித்துச் சொல்வதில்தான் என் பொழுது அதிகம் போகிறது. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒவ்வொரு திண்ணையிலும் வீடு, இடம் விற்றுத் தரும் தரகரின் நோட்டீஸ் ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் மலையாளம். தெருவில் 36 வீடுகள். மூன்று வீடு தவிர எல்லாவற்றிலும் தமிழ்தான் பேச்சு. போட்டுக்கொண்டு போன பையனை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து விசாரித்தேன். பணிவான பையன். தரகுத் தொழில் பயிற்சி வகுப்பில் ‘ஏரியா ஃபார்மிங்’ கற்றுக்கொடுத்தார்களாம். முந்நூறு, நானூறு வீடுள்ள ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாதம் தவறாமல் நோட்டீஸ், வாட்ஸ்ஆப், பண்டிகை வாழ்த்து. ஒரு வருஷம் விடாமல் செய்தால், இடம் என்றதும் அந்தப் பகுதிக்கே நம் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும்.

அமெரிக்காவில் பல காலமாகப் பழகிவரும் முறை இது. அங்கே பகுதியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஒரு கணக்குப் போடுகிறார்கள்: ஒரு வருஷத்தில் கைமாறும் வீடுகளை மொத்த வீடுகளால் வகுக்க வேண்டும். 400 வீட்டில் 20 கைமாறினால் 5 சதவீதம். அவ்வளவாவது இருந்தால்தான் அச்சுச் செலவு தேறும் என்று பார்ப்பவர்கள் உண்டு. எங்கள் தெருவில் கடந்த பத்து வருஷத்தில் விற்றது மூன்றே வீடு. ஒன்று அப்பா இறந்து பாகம் பிரித்தபோது, ஒன்று மகள் கல்யாணத்துக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக் கடனுக்கு. மூன்றும் நோட்டீஸ் பார்த்து நடந்த விற்பனை அல்ல. துக்கத்துக்கு வந்து உட்கார்ந்தவர், வில்லேஜ் ஆபீசுக்குக் கூட வந்தவர், அப்படிப்பட்டவர் கையில்தான் சாவி போனது. இந்த ஊரில் ஃபார்மிங் என்ற அந்த வெள்ளாமையைப் பார்க்க வேண்டுமானால் அந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் இந்த மடலே.

‘நிலம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அது எந்த மண்ணையும் குறிக்கும். கேரள வருவாய்ப் பதிவேட்டில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டத்தக்க கரைப்பூமிக்கு அங்கே பெயர் ‘புரயிடம்’. மூன்று வருஷத்துக்கு முன்னால் பொள்ளாச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எட்டு சென்ட் வாங்கிவிட்டு என்னிடம் வந்தார். ஆதாரத்தைப் பிரித்தேன். நிலம் என்று இருந்தது. அவர் மகிழ்ச்சியாக, “ஆமாம்மா, நிலம்தான் வாங்கியிருக்கேன்” என்றார். அந்த நிமிஷம் நான் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். 2008-ஆம் வருஷத்து நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்த இடம் டேட்டா பேங்கில், அதாவது பாதுகாக்க வேண்டிய வயல்களின் பட்டியலில், ஏறியிருந்தது. மண் அடிக்க முடியாது, அஸ்திவாரம் தோண்ட முடியாது. தவறாக ஏறியதென்றால் நீக்கக் கேட்டு படிவம் 5 கொடுக்கலாம். டேட்டா பேங்கில் இல்லாமல், பதிவேட்டில் மட்டும் நிலம் என்றிருந்தால், 2018 திருத்தத்துக்குப் பிறகு படிவம் 6 என்ற வழி உண்டு. அவருடையது நிஜமாகவே வயல். மழைக்காலத்தில் போய்ப் பார்த்திருந்தால் தவளைச் சத்தமே சொல்லியிருக்கும். கோடையில் காட்டியிருக்கிறார்கள். சேமிப்பு முழுவதும் அதில் போயிற்று. காட்டிய தரகருக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்திருந்தாலும் அந்த ஆசிரியருக்கு வீடு இல்லை.

ஆகவே, தம்பிகளே, உங்கள் நோட்டீசில் முதல் வரியாக இதைத் தமிழில் போடுங்கள்: “ஆதாரத்திலும் கரம் (நிலவரி) ரசீதிலும் நிலம் என்று இருக்கிறதா, புரயிடம் என்று இருக்கிறதா பாருங்கள். நாங்கள் இலவசமாகப் படித்துச் சொல்கிறோம்.” அந்த நோட்டீசை யாரும் கசக்கிப் போட மாட்டார்கள். காலண்டருக்குப் பின்னால் செருகி வைப்பார்கள்.

போக்குவரவு என்றால் பட்டா மாறுதல், தனநிச்சயம் என்றால் தான செட்டில்மெண்ட் என்று அடுத்த மாதம் போடலாம். அதற்கடுத்து செலவுக் கணக்கு. விற்பனை ஆதாரத்துக்கு இங்கே முத்திரைத் தீர்வை 8, பதிவுக் கட்டணம் 2, ஆக 10 சதவீதம். தமிழ்நாட்டில் 7-ம் 2-ம், ஆக 9. எல்லைக்கு இரு பக்கமும் சொந்தம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த ஒரு சதவீதம்கூடப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். எல்லா இடத்தையும் மறுபடி அளக்கும், 2022 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் ரீசர்வே வேறு இருக்கிறது. மகன்கள் துபாயிலும் திருப்பூரிலும் இருக்க, அளக்க வருகிற அன்று எல்லைக்கல்லைக் காட்ட வீட்டில் ஆளில்லாத பாட்டிமார் எத்தனையோ பேர். அன்று கூட நில்லுங்கள்.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாலக்காடு புதுசேரியில் தொழில் நகரத்துக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததிலிருந்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத எங்கள் பக்கத்துப் பனந்தோட்டங்களிலும் “கவர்மென்ட் எடுத்துக்கும், இப்பவே கொடுத்துருங்க” என்ற பேச்சு நடக்கிறது. என் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு 74 வயது. ஒரு மாதத்தில் ஐந்து பேர் போன் பண்ணிவிட்டார்கள். ஒருவன் வீட்டுக்கே வந்து, சும்மா பார்க்கிறேன் என்று ஆதாரத்தை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அன்றிலிருந்து பெரியம்மா ஆதாரத்தைத் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்குகிறார்.

பயத்தை விதைத்து அறுப்பதற்கும் அமெரிக்காவில் ஒரு சரித்திரம் உண்டு. 1950, 60-களில் சிகாகோ போன்ற நகரங்களில் வெள்ளையர் தெருக்களில் சில தரகர்கள் வீடு வீடாகப் போய், கறுப்பர்கள் குடிவரப் போகிறார்கள், விலை விழப் போகிறது என்று மிரட்டி மலிவாக வாங்கினார்கள். அதே வீட்டைக் கறுப்பினக் குடும்பங்களுக்குக் கொள்ளை விலைக்கு விற்றார்கள். 1968-இல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்து அதைத் தடை செய்தது. பயிற்சி வகுப்பில் இதையும் சொல்லிக் கொடுத்தார்களா என்று அந்தப் பையனிடம் கேட்டேன். இல்லை என்றான்.

நம் நாட்டிலும் 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி அமைந்த ரெரா என்ற ஆணையத்தில் பதிந்த மனைப்பிரிவையோ அடுக்குமாடியையோ விற்றுக் கொடுக்கும் ஏஜென்டும் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு அந்தந்த மாநிலத்துக்கு மட்டும். தமிழ்நாட்டு எண்ணை வைத்துக்கொண்டு வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி வேலை செய்ய முடியாது. பதிவு எண்ணை நோட்டீசிலேயே பெரிதாக அச்சிடுங்கள். நான் பார்த்த எதிலும் அது இல்லை.

மூத்த அண்ணன்மாரே, உங்களில் பலருக்கு நோட்டீஸும் தெரியாது, ஃபார்மிங்கும் தெரியாது. ஆனால் எந்த வாய்க்காலில் ஆழியாற்றுத் தண்ணீர் எந்த மாதம் வரும், எந்தக் கிணறு சித்திரையில் வற்றும், எந்தப் பாகத்தில் அக்கா கையெழுத்துப் பாக்கி என்பதெல்லாம் மனப்பாடம். புதியவர்களைப் போட்டியாகப் பார்த்து அதை மறைக்காதீர்கள். அந்தப் பையனை ஒருமுறை வண்டியில் ஏற்றிக்கொண்டு வயல்வரப்பில் நடக்க வையுங்கள். மழைக்காலத்தில்.

தம்பி தங்கைகளுக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் எழுதியதை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வாருங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும். தமிழைத் திருத்தித் தருகிறேன், மலையாளச் சொற்களுக்குப் பக்கத்தில் அர்த்தமும் எழுதித் தருகிறேன். காசு வேண்டாம். பெரியம்மாவின் ஆதாரத்தைப் படம் எடுத்த தம்பி மட்டும், வரும்போது அவரையும் பார்த்து, அவர் கண்ணெதிரே அந்தப் படத்தை அழித்துவிட்டு வரட்டும்.

அன்புடன்,
சித்தூரில் ஆதாரம் எழுதும் உங்கள் அக்கா