தெர்மகோல் பிடித்த அண்ணனுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நேற்றுதான் வீட்டுக்கு வந்தேன். வலது கையில் கட்டு, இடது கையால் தட்டுகிறேன்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேளம்பாக்கம் உப்பளத்தில் விளம்பரப் படப்பிடிப்பில் பைக் ஸ்டண்ட் செய்யும்போது நான் விழுந்த கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றவர்கள்.

ஸ்லோ மோஷன் வெளிச்சத்தைத் தின்னும். கேமரா நொடிக்கு 1000 ஃபிரேம், அதாவது 1000 தனிப் படம், எடுத்தால், ஒரு ஃபிரேமுக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூடக் கிடைக்காது. அதனால்தான் உச்சி வெயிலில் பைக்கை எகிற விட்டோம். நான் காற்றில் இருந்த ஒரு நொடியை டிவி வேகத்தில், நொடிக்கு 25 ஃபிரேமாக, ஓட்டினால் 40 நொடி. விளம்பரமே 30 நொடிதான், அது வேறு கதை.

விழுந்த அப்புறம் கீழே உப்பு, மேலே சூரியன். ஒரு மரம் கிடையாது. கழுத்து அசையக் கூடாது, யாரும் தூக்காதீர்கள் என்று ஸ்டண்ட் மாஸ்டர் சொல்லிவிட்டார். கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பாக எரிந்தது.

சட்டென்று இருட்டியது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்தால் முகத்துக்கு மேலே தெர்மகோல். காலையிலிருந்து வெயிலைத் திருப்பி என் முகத்துக்கு வெளிச்சம் அடித்த அதே வெள்ளைத் தெர்மகோல் பலகை, ஓரத்தில் எலி கடித்த மாதிரி உடைந்தது. பிடித்திருந்தவர் ஒரு லைட்மேன் அண்ணன். ஆம்புலன்ஸ் வரும்வரை முக்கால் மணி நேரம். காற்றில் அது பட்டம் மாதிரி பறக்கப் பார்க்க, தலையால் முட்டுக் கொடுத்து நின்றார். நிழல் விலக விலக அவரும் அரை அடி நகர்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டவர்களிடம், "நீங்க போங்கப்பா, நான் வரேன்." என்னிடம் பேசியது ஒரே தடவை: "தம்பி, உதட்டுல உப்பு ஒட்டியிருக்கு. நக்காதீங்க, தாகம் எடுக்கும்."

பெயர்கூடக் கேட்கவில்லை. 11 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு லைட்மேனிடமும் நின்று பேசியதில்லை. விளக்குக்குப் பின்னால் நிற்பவர்கள், கண் கூசும், முகம் தெரியாது என்று இப்போது சாக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ரத்தம் கொடுத்தவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்த யூனியன் தோழர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட வடபழனி நண்பர்கள், கஞ்சி கொடுத்தனுப்பிய மாடிவீட்டு அக்கா, எல்லாருக்கும் நன்றி.

மறுபடி பைக் ஏறுவேனா தெரியாது. ஏறினால், முதலில் லைட் யூனிட் வேன் பக்கம் போய் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் ஹெல்மெட்டைத் தொடுவேன்.

நீலக் கட்டம் போட்ட துண்டு கட்டியிருந்தார். தெரிந்தவர்கள் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு மிச்சம் இருந்ததா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.