வெப்பக் கேமராவின் 'டிக்' சத்தம்

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்சாலைகளில் சுவிட்ச்போர்டுகளை வெப்பக் கேமராவால் சோதிப்பது என் வேலை. கேமரா அவ்வப்போது 'டிக்' என்று சத்தமிட்டுப் படத்தை ஒரு கணம் உறைய வைக்கும். "அண்ணே, கெட்டுப்போச்சா?" என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள்.

கெடவில்லை. உள்ளே வனேடியம் ஆக்சைடு படலமிட்ட நுண்புள்ளிகள் இருக்கின்றன. சூடு பட்டால் அவற்றின் மின்தடை மாறும். சிக்கல் என்னவென்றால், சூடு மாறாதபோதும் ஒவ்வொரு புள்ளியின் அளவும் மெல்ல நழுவும். இதுவும் ஒருவகை 'இரைச்சல்'தான்; காதில் கேட்பதல்ல, அளவில் கலக்கும் தடுமாற்றம். மாற்றம் மெதுவாக மெதுவாக, அதாவது அதிர்வெண் குறையக் குறைய, இந்த இரைச்சல் கூடும். வேகமான இரைச்சலைச் சராசரி எடுத்தே அடக்கிவிடலாம். இதனிடம் அது பலிக்காது, நேரம் நீண்டால் நழுவலும் நீளும். அதனால்தான் சீரான சூடுள்ள மூடி ஒன்று 'டிக்' என்று குறுக்கே விழ, எல்லாப் புள்ளிகளின் கணக்கும் நேராக்கப்படுகிறது.

2021இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியும் இதற்குத் தப்பவில்லை. அதன் அண்மை அகச்சிவப்புக் கருவிகளில், புள்ளிகளின் அளவை வாசிக்கும் மின்சுற்றின் இதே வகை இரைச்சல் படத்தில் கோடு கோடாக விழுகிறது. உணரியின் விளிம்பில் ஒளியை உணராத 4 வரிசைப் புள்ளிகளை வைத்து அதைக் கழிக்கப் பார்க்கிறார்கள்.

சரி, எதற்கு இவ்வளவும்? சத்தம் தொல்லை என்று சிலர் அந்த மூடியை அணைத்துவிட்டுப் படமெடுக்கிறார்கள். இரண்டு டிகிரி வித்தியாசத்தை வைத்து 'இணைப்பு தளர்ந்திருக்கிறது' என்று அறிக்கையும் எழுதுகிறார்கள். அறிக்கைக்குக் காசு கொடுப்பவர்கள், மூடி இயங்கியதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்